ஒரு பிடி உரம்

பழனி மலையின் அடிவாரத்தில் பஞ்சாமிருதம் செய்வதைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிந்திருப்பர். மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலம் ஆகியவை ஒரே அளவாகச் சேர்வன அல்ல. பழம் மிகுதி, ஏலமோ மிகச் சிறிது. ஏலம் கூடினால் நா உறுத்தும். சர்க்கரை குறைந்தால் பண்டம் விரைவில் கெடும். நீர் ஒரு துளியும் அதில் சேர்வதில்லை. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்தின் சிறப்பு, சேரும் பொருள்களில் மட்டும் அடங்கியதன்று. அவை சேரும் அளவிலும் அடங்கியிருக்கிறது.

அதே மலைத்தொடரின் மேற்புறத்தில் வேறொரு கலவையும் உண்டு. அதனை உண்பவை செடிகள். அக்கலவையில் பிழை நேர்ந்தால் நாக்கு உடனே அறிந்து சொல்லிவிடாது. வயல்தான் சொல்லும், அதுவும் நாற்பது நாள் கழித்தே சொல்லும். அதற்குள் திருத்தும் காலம் பெரும்பாலும் கடந்து போயிருக்கும்.

கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கே செல்லும் சாலையில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி முதலிய மேல்மலை ஊர்கள் இருக்கின்றன. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் ஒரு வயலாக்கியிருக்கிறார்கள் அவ்வூர் மக்கள். தொலைவிலிருந்து நோக்கினால், பச்சைக் கம்பளங்களை அடுக்கி வைத்தாற்போல் அவை தோன்றும். உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், மலைப்பூண்டு ஆகியவை அங்கே வரிசை வரிசையாக வளர்கின்றன. பூண்டும் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை உடையது.

அவ்வூர்களுள் ஒன்றில் உழவர் ஒருவர் வாழ்கிறார். அவர் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அவரைப் போன்றோர் மேல்மலையில் பலர் உளர். அவருக்கு உள்ளது கால் ஏக்கர் படிநிலம். அதில் உருளைக்கிழங்கு பயிரிடுவார். விதைக்கிழங்குக்கும் உரத்திற்கும் கடன் வாங்குவார். விளைந்ததை விற்றுக் கடனைத் தீர்ப்பார். எஞ்சியதைக் கொண்டு குடும்பம் நடத்துவார். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி அவருக்கு உண்டு. அவளை மேற்கொண்டு படிக்க வைப்பதும் அந்தக் கால் ஏக்கரின் பொறுப்பே.

ஓர் ஆண்டு வயலின் தோற்றம் விந்தையாய் இருந்தது. முதற் சில வரிசைகளில் செடிகள் கரும்பச்சையாய் மதர்த்து நின்றன. இடையிடையே முளை கருகிய வெற்றிடங்களும் தெரிந்தன. நடு வரிசைகள் நன்றாக இருந்தன. கடைசி வரிசைகளோ வெளிறி, குறுகி, மெலிந்து காணப்பட்டன. அறுவடையின்போது இன்னொரு வியப்பு காத்திருந்தது. மதர்த்து நின்ற செடிகளின் அடியில் கிழங்குகள் சிறுத்திருந்தன. இலையாய்ப் போனது கிழங்காய் வரவில்லை. அவ்வாண்டு கடன் தீர்ந்தது. ஆனால் எஞ்சியது எதுவும் இல்லை.

"அப்பா, ஒரே வயல், ஒரே விதை, ஒரே உரம். வரிசைகள் மட்டும் ஏன் இப்படி வேறுபட்டன?" என்று மகள் கேட்டாள்.

"மண் எங்கும் ஒரே சீராய் இருக்குமா, அம்மா? மலைமண் அப்படித்தான்" என்றார் தந்தை.

மண்ணின் மேல் பழி சுமத்துவது எளிது. மண் மறுமொழி கூறாது. ஆனால் அந்த விடை அவள் மனத்திற்கு நிறைவளிக்கவில்லை. உரமிட்ட நாளை அவள் நினைத்துப் பார்த்தாள். யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் ஆகிய மூன்றையும் தந்தை வீட்டு முற்றத்திலேயே கலந்து மூட்டைகளில் கட்டினார். மட்டக்குதிரை ஒன்றின் முதுகில் அம்மூட்டைகள் கரடுமுரடான ஒற்றையடிப் பாதையில் வயலுக்கு வந்தன. மூட்டையின் வாயை அவிழ்த்து, மேலிருந்து பிடி பிடியாய் அள்ளி, முதல் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரை இட்டார். முற்றத்தில் ஒன்றாய் இருந்த கலவை, வயலிலும் ஒன்றாகவே இருந்ததா? இதுவே அவள் உள்ளத்தில் எழுந்த வினா.

இதற்கு விடை காணப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு போத்தலில் பட்டாணிக் கடலையையும் அரிசி நொய்யையும் சேர்த்துக் கலக்கிப் பின்பு சற்று நேரம் குலுக்கினால் போதும். கடலை மேலே வந்துவிடும். நொய் இடுக்குகளின் வழியே சரிந்து அடியில் தங்கிவிடும். உலர்ந்த மணிகளின் இயல்பு இது. எடையைவிடப் பருமனே அவற்றைப் பிரிக்கிறது. யூரியா உருண்டையான குருணை. சூப்பர் பாஸ்பேட் பெரும்பாலும் மாவு போன்றது. குதிரையின் முதுகில் மூட்டை குலுங்கக் குலுங்க, யூரியா மேலே மிகுந்தது. மாவு கீழே இறங்கியது. மேலிருந்து அள்ளிய பிடிகள் முதல் வரிசைகளுக்குச் சென்றன. அடியில் இருந்தவை கடைசி வரிசைகளுக்குச் சென்றன. முதல் வரிசை உப்பின் கடுமையால் கருகியதும், தழைச்சத்து மிகுந்து இலையாய் மதர்த்ததும் அதனால்தான். கடைசி வரிசை தழைச்சத்தின்றி வெளிறியதும் அதனால்தான். பஞ்சாமிருதத்தில் தேனும் பழமும் பிசைந்து பொருள்களைப் பிணைத்து நிறுத்துகின்றன. உலர்ந்த உரத்தில் பிணைப்பது எதுவும் இல்லை. கலந்தது கலந்தே இருக்கும் என்று நம்புவதற்கு அங்கே இடமில்லை.

செடிக்கு இத்தனை சத்துகள் வேண்டுமா, ஒன்று மிகுந்தால் மற்றொன்றின் குறையை நிரப்பாதா என்று சிலர் வினவலாம். நிரப்பாது. செருமானிய நாட்டு அறிஞர் ஸ்பிரெங்கல் 1828இல் இதனை எடுத்துரைத்தார். லீபிக் என்னும் வேதியியல் மேதை 1840இல் எழுதிய நூலால் அக்கருத்து உலகெங்கும் பரவியது. மரப்பட்டைகளை வளைத்துக் கட்டிய பீப்பாய் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பட்டைகள் பலவும் உயரமாய் இருந்து, ஒன்று மட்டும் குட்டையாய் இருந்தால், நீர் அந்தக் குட்டைப் பட்டையின் உயரம் வரையில்தான் நிற்கும். மற்றப் பட்டைகளை எவ்வளவு உயர்த்தினும் பயனில்லை. விளைச்சலும் அவ்வாறே. எந்தச் சத்து மிகக் குறைவாய் உள்ளதோ, அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கிறது.

இங்கிலாந்தில் லாஸ் என்பவர் 1842இல் சூப்பர் பாஸ்பேட் உரத்திற்கு உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டே ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் வயலாய்வைத் தொடங்கினார். தமிழகத்தில் இராணிப்பேட்டையில் 1906ஆம் ஆண்டில் சூப்பர் பாஸ்பேட் ஆலை எழுந்தது. இந்தியாவில் அவ்வுரம் செய்த முதல் ஆலை அதுவே. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிலைத்த உர ஆய்வு, நூறாண்டைக் கடந்தும் அதே வயலில் தொடர்கிறது. ஒரு பகுதிக்குத் தழைச்சத்து மட்டும், மற்றொரு பகுதிக்கு மணிச்சத்து மட்டும், வேறொரு பகுதிக்கு எல்லாம் சேர்த்து என்று ஆண்டுதோறும் இட்டு, மண்ணும் பயிரும் கூறும் விடையை அறிஞர்கள் பொறுமையோடு எழுதி வருகிறார்கள். தலைமுறைகள் பல கேட்டும் அந்த வயல் இன்னும் விடை சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அத்தகைய ஆய்வுகளின் பயனாகவே பயிர்தோறும் அளவுகள் வகுக்கப்பட்டன. மண்ணாய்வு செய்யாத மலைநிலத்து உருளைக்கிழங்குக்கு, ஓர் எக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல் சத்து 120 கிலோ என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இதில் பாதியை நடும்போது அடியுரமாகவும், மறுபாதியை முப்பதாம் நாளில் மேலுரமாகவும் இட வேண்டும். மணிச்சத்து மட்டும் ஏன் இருமடங்கு? மலைமண் புளிப்புத் தன்மை உடையது. அதில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு செடிக்கு விடுவதில்லை. செடிக்கு ஒரு பங்கு கிடைக்க, மண்ணுக்கும் ஒரு பங்கு ஈய வேண்டியிருக்கிறது.

இந்த எண்களை மகள் ஒரு தாளில் எழுதிக் கணக்கிட்டாள். அடியுரத்திற்கு எக்டேருக்குத் தழைச்சத்து 60 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ளது. ஆகவே யூரியா 130 கிலோ. மணிச்சத்து 120 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டில் அது நூற்றுக்கு 16 பங்கு. ஆகவே 750 கிலோ. சாம்பல் சத்து 60 கிலோ. பொட்டாஷ் உரத்தில் அது நூற்றுக்கு 60 பங்கு. ஆகவே 100 கிலோ. மொத்தம் 980 கிலோ. தங்கள் கால் ஏக்கருக்கு யூரியா 13 கிலோ, சூப்பர் 76 கிலோ, பொட்டாஷ் 10 கிலோ. ஆக 99 கிலோ.

பின்பு வரிசைகளைக் கணக்கிட்டாள். வரிசைக்கு வரிசை 45 செண்டிமீட்டர் இடைவெளி. கால் ஏக்கரில் உள்ள வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாய் நீட்டினால் ஏறக்குறைய 2,250 மீட்டர் ஆகும். 99 கிலோவை அதற்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 44 கிராம். அந்த 44 கிராமில் யூரியா 6 கிராம்; சூப்பர் 34 கிராம்; எஞ்சியது பொட்டாஷ்.

ஒரு மீட்டருக்கு ஒரு சிறு பிடி! அறிஞர்களின் நூறாண்டு ஆய்வும், ஆலைகளின் உழைப்பும், தந்தையின் கடனும் கடைசியில் அந்த ஒரு பிடியில் வந்து நிற்பதை அவள் கண்டாள்.

எனின், அந்தப் பிடி எவ்வளவு? கடையிலிருந்து சிறு தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்து, தந்தையைப் பத்துப் பிடி அள்ளித் தரும்படி வேண்டினாள். அவர் முகம் சுருங்கியது.

"முப்பது ஆண்டுகளாக இந்தக் கைதான் இந்த வயலுக்கு ஊட்டியது, உனக்கும் ஊட்டியது. இதையா தராசில் வைக்கப் போகிறாய்?" என்றார்.

அவள் உடனே மறுமொழி கூறவில்லை. முதலில் தன் கையால் பத்துப் பிடி அள்ளி, ஒவ்வொன்றாய் நிறுத்து எழுதினாள். ஒரு பிடிக்கும் மற்றொரு பிடிக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. பிறகு தாளைத் தந்தையிடம் நீட்டி, "என் கை இப்படி இருக்கிறது, அப்பா" என்றாள். தந்தை தாளைச் சற்று நேரம் பார்த்தார். பின்பு தாமே முன்வந்து அள்ளினார். அவருடைய பிடிகள் மகளின் பிடிகளைவிடச் சீராய் இருந்தன. முப்பது ஆண்டுப் பழக்கம் பொய்க்கவில்லை. ஆயினும் முதற் பிடி பெரிது. கை சோர்ந்த பின் அள்ளிய பிடி சிறிது. குற்றம் அவர் கையில் இல்லை. கையை அளவுகோலாகக் கொண்டதில்தான் இருந்தது.

அளவாக இடும் கருவி மனிதரின் பழைய கனவு. வரிசையில் விதையிடும் பொறியை இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701இல் அமைத்தார். ஆனால் தென்னிந்திய உழவர்கள் மூங்கில் குழாய் பொருத்திய விதைக்கலப்பையைக் கொண்டு, சால்தோறும் சீராய் விதையிடுவதைக் கண்டு வியந்து, ஹால்காட் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் 1795இல் எழுதியிருக்கிறார். இந்நாளில் பரந்த சமவெளிகளில் ஓடும் பொறிகளில், பள்ளங்கள் வெட்டிய உருளை ஒன்று சக்கரத்தோடு இணைந்து சுழல்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் இவ்வளவு உரம் விழும் என்பது முன்னரே நிறுத்து அறியப்படுகிறது. வேறு சில பொறிகள், விண்ணில் சுழலும் செயற்கைக்கோள்களின் துணையால் தாம் நிற்கும் இடத்தை உணர்ந்து, மண்ணின் வளத்திற்கேற்ப அளவைக் கூட்டியும் குறைத்தும் இடுகின்றன.

குறுகிய படிவயலில் அத்தகைய பெரும்பொறி ஏற முடியாது. ஆனால் அதன் உள்ளே உறையும் அறிவு ஏறலாம். அந்த அறிவு யாது? முன்னரே நிறுத்து அறிதல்; அறிந்ததை மாறாமல் இடுதல்; இட்டபின் சரிபார்த்தல். இம்மூன்றும் ஒரு தகரக் குவளையாலும் இயலும். மகள் அதையே செய்தாள். பத்து மீட்டர் வரிசைக்கு 440 கிராம் வேண்டும். கலவையை நிறுத்துக் குவளையில் கொட்டி, அது நின்ற உயரத்தில் ஆணியால் கோடிட்டாள். கோட்டுக்கு மேலிருந்த தகரத்தை வெட்டி நீக்கினாள். இனித் தலைதட்டி அளந்தால் போதும். குவளைக்குப் படி, ஆழாக்கு என்று பெயரிடாமல், எடையைக் கொண்டு அளவிட்டது ஏன்? படி காட்டுவது கொள்ளளவு. செடிக்கு வேண்டியதோ எடை. ஒரு படி யூரியாவும் ஒரு படி பொட்டாஷும் ஒரே எடை உடையன அல்ல, யூரியா இலேசானது.

அடுத்த போகத்தில் மூன்று உரங்களும் தனித்தனி மூட்டையாகவே வயலுக்குச் சென்றன. வரப்பில் தார்ப்பாய் விரித்து, மிகுதியான சூப்பரை முதலில் பரப்பி, அதன்மேல் யூரியாவையும் பொட்டாஷையும் மெல்லிய படலமாகத் தூவி, மும்முறை புரட்டினார்கள். சில வரிசைகளுக்கு வேண்டியதை மட்டும் கலந்தார்கள். அது தீர்ந்தபின் மீண்டும் கலந்தார்கள். கலந்ததை அன்றே இட்டுவிட்டார்கள். சூப்பரும் யூரியாவும் நெடுநேரம் சேர்ந்திருந்தால், சூப்பரில் பிணைந்துள்ள நீர் வெளிப்பட்டுக் கலவை பிசுபிசுத்துவிடும். கொடைக்கானல் மலையின் மூடுபனியோ காற்றிலேயே நீரைச் சுமந்து வருவது. பிற்பகலில் பனி இறங்குமுன் வேலையை முடிப்பது நலம் என்பதைத் தந்தையே சொன்னார். அது தாளில் இல்லாத அறிவு.

இடும் இடமும் ஓர் அளவே. உரம் விதைக்கிழங்கைத் தொட்டால் முளை கருகும். எட்டாத் தொலைவில் கிடந்தால் வேர் சென்று அடையாது. கிழங்குக்கு நான்கு விரற்கடை பக்கத்தில், சற்றுக் கீழே, சாலின் நீளத்திற்கு ஒரு கோடாய் இட்டு மண்ணால் மூடினார்கள். அவ்வாறு கோடாய் இடுவதால் மணிச்சத்து மண்ணோடு பரவலாகக் கலந்து சிறைப்படுவதும் குறைகிறது. வரிசையின் பாதியை அடைந்ததும் குவளையில் பாதி இருக்கிறதா என்று மகள் பார்ப்பாள். மிகுந்தால் கையைச் சற்றுத் தளர்த்துவார் தந்தை, குறைந்தால் இறுக்குவார்.

அளவு பிழைத்தால் கெடுவது ஒரு குடும்பம் மட்டுமா? செடி உண்ணாத தழைச்சத்து மழைநீரில் கரைந்து சரிவில் இறங்குகிறது. அரித்தோடும் மண்ணோடு மணிச்சத்தும் செல்கிறது. பழனி மலையின் வடபுறத்து ஓடைகள் பாலாறாய், பொருந்தலாறாய்ச் சண்முகநதியை அடைந்து, அமராவதியோடு காவிரிக்குச் செல்கின்றன. தென்புறத்து ஓடைகள் மஞ்சளாறு முதலியவற்றின் வழியே வைகையில் கலக்கின்றன. மேற்படியில் வீணாய் எறிந்த ஒரு பிடி, கீழ்ப்படி உழவனின் கிணற்றில் சேரலாம். குளத்தில் பாசியாய்ப் படரலாம். விலை மலிவு என்று யூரியாவை மட்டும் அள்ளி எறிவோர் நினைக்க வேண்டியது இது. மலையுச்சியில் வாழ்வோர், கீழுள்ளோர் அனைவருக்கும் நீர் காப்போர் அல்லரோ?

பரிந்துரையின் அளவும் முடிந்த முடிபன்று. ஒவ்வொரு வயலும் தனக்கென ஓர் இயல்பு உடையது. மண்ணில் முன்னரே உள்ள சத்தையும், விரும்பும் விளைச்சலையும் கருதி உர அளவைக் கணிக்கும் முறையை இராமமூர்த்தி என்னும் இந்திய மண்ணியல் அறிஞர் 1967இல் தம் துணைவரோடு வகுத்தார். உழவர்களுக்கு மண்வள அட்டை வழங்கும் திட்டம் 2015இல் நாடெங்கும் தொடங்கியது. அளவு என்பது பிறர் சொன்னதை மனப்பாடம் செய்வதன்று. தன் மண்ணைக் கேட்டு அறிவது.

அவ்வாண்டு வயலில் வரிசைகள் ஏறக்குறைய ஒரே நிறமாய் எழுந்தன. வரிசைகளுள் இன்னது முந்தியது, இன்னது பிந்தியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. விளைச்சல் ஊரார் வியக்கும்படி பெருகிவிடவில்லை. மழையும் சந்தை விலையும் யார் சொல்லையும் கேட்பதில்லை. ஆனால் கடைசி வரிசையும் முதல் வரிசையைப் போலவே கிழங்கு தந்தது. கடன் தீர்ந்தபின் சிறிது எஞ்சியது. அந்தச் சிறிதைத் தந்தை ஒரு துணியில் முடிந்து, மகளின் புத்தகப் பெட்டியில் வைத்தார்.

தகரக் குவளை இப்போது அவ்வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. உரமிடும் நாளில் தந்தை அதனை எடுத்துத் தலைதட்டி அளக்கிறார். அளந்ததைக் குவளையிலிருந்து நேரே கொட்டுவதில்லை. தம் உள்ளங்கையில் வாங்கி, விரலிடுக்கின் வழியே சாலில் ஒழுக விடுகிறார். அளப்பது குவளை, ஊட்டுவது இன்றும் அந்தக் கையே.